விருந்தினருக்கும் விருந்தளிப்பவருக்கும் ஒரே பெயர்

அரபி இலக்கணம் கற்கத் தொடங்கும் மாணவன் முதலாண்டிலேயே சந்திக்கும் சொற்களுள் ஒன்று ‘இளாஃபத்’. ஒரு பெயர் இன்னொரு பெயரைச் சார்ந்து நிற்பதை அச்சொல் குறிக்கும். ‘கிதாபுன்’ என்று தனித்து நின்ற நூல், ஸைது என்பவரைச் சார்ந்ததும் ‘கிதாபு ஸைதின்’ ஆகிவிடுகிறது. தனித்து நின்றபோது அதற்கிருந்த ‘தன்வீன்’ என்னும் ஈற்று ஒலி உதிர்ந்துபோகிறது. சார்ந்து நிற்பது தன்னிடமிருந்து ஒன்றை இழந்தாக வேண்டும் என்பது இலக்கண விதி. விருந்தினரைக் குறிக்கும் ‘ளைஃப்’ என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஒரு வீட்டின் பக்கமாகச் சாய்ந்தவர், ஒதுங்கியவர் என்பது அதன் அடிப்பொருள்.

இவ்விரு சொற்களையும் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறோம். ஆயினும் விருந்தினர் தம்மிடமிருந்து எதை இழக்க வேண்டும் என்ற வினா எம் உள்ளத்தில் எழுந்ததில்லை. அவ்வினாவை எழுப்பியது இலக்கண நூலன்று. இப்னு பதூதாவின் பயண நூலில் சோமாலியக் கடற்கரையைப் பற்றி வரும் சில பக்கங்களே. அப்பக்கங்களை ஒரு சுவையான வழிநடைச் செய்தியாக மட்டும் படித்துக் கடந்துவிடுவது வழக்கம். அவ்வாறு கடக்கத்தக்க பக்கங்கள் அல்ல அவை. ஒரு சமுதாயம் வந்தவரை எவ்வாறு ஏற்கிறது, வந்தவர் அதற்கு எவ்வாறு தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதைக் காட்டும் பக்கங்கள் அவை. அவற்றை இங்குச் சற்று நின்று படித்துப் பார்ப்போம்.

இரண்டு துறைமுகங்கள்

தஞ்சாவில் பிறந்த இப்னு பதூதா, 1331ஆம் ஆண்டளவில் ஏடனிலிருந்து கடல் கடந்து ஸைலா என்னும் துறைமுகத்தை அடைந்தார். அங்கிருந்து பதினைந்து இரவுகள் கடலில் சென்று மக்தஷவு நகரை அடைந்தார். இன்று மொகதிஷு என வழங்கும் நகரம் அதுவே. இவ்விரு துறைமுகங்களும் நூலில் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் இரண்டையும் எழுதியவர் ஒருவர்தாமா என்று ஐயுறும் அளவுக்கு அவற்றின் தொனி வேறுபடுகிறது.

ஸைலாவைப் பற்றி அவர் கூறுவது கடுமையானது. மீனின் மிகுதியாலும், தெருக்களில் அறுக்கப்படும் ஒட்டகங்களின் குருதியாலும் ஊர் நாற்றமெடுத்தது என்கிறார். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தும், ஊருக்குள் தங்குவதைவிடக் கப்பலிலேயே இரவைக் கழிப்பது மேல் என்று அங்கேயே தங்கிவிட்டார். மக்தஷவைப் பற்றியோ பக்கம் பக்கமாக எழுதுகிறார். அங்கும் ஒட்டகங்கள் அறுக்கப்படுகின்றன. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அறுக்கப்படுகின்றன என்று அவரே எழுதுகிறார். ஆனால் அங்கே நாற்றம் என்ற சொல்லே வரவில்லை.

என்ன வேறுபாடு? ஸைலாவில் அவர் எவருடைய சோற்றையும் உண்ணவில்லை. மக்தஷவில் உண்டார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் நூலை நூலாகப் படிக்கும் நமக்குக் கிடைக்கும் சான்று இதுதான். கப்பலில் உறங்கியவருக்கு ஊர் ஒரு நாற்றமாகவே எஞ்சியது. ஒரு வீட்டின் பக்கமாகச் சாய்ந்தவருக்கே ஊரின் முகம் தெரிந்தது. பயண நூல்களை மதிப்பிடுவோர் ஆசிரியரின் கல்வியையும் மொழியறிவையும் அளந்து பார்ப்பர். அவர் யார் வீட்டில் உண்டார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது எம் கருத்து.

‘நஸீல்’ என்னும் சொல்

மக்தஷவுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றதும் நடப்பதை அவர் விவரிக்கும் பகுதி புகழ்பெற்றது. ஊர் இளைஞர்கள் சிறு படகுகளில் ஏறிக் கப்பலை நோக்கி வருகின்றனர். ஒவ்வொருவர் கையிலும் மூடிய உணவுத் தட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் தட்டை ஒரு வணிகர் முன் வைத்து, ‘இவர் என் நஸீல்’ என்று அறிவிக்கின்றனர். அவ்வணிகர் கரையிறங்கினால் அந்த இளைஞரின் வீட்டில்தான் தங்க வேண்டும். அடிக்கடி வந்து ஊரைப் பழகியவர்களுக்கு மட்டுமே விரும்பிய இடத்தில் தங்கும் உரிமை உண்டு. வணிகரின் சரக்கை விற்பதும், அவருக்கு வேண்டியதை வாங்கித் தருவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. வணிகரை ஏமாற்றி அடிமாட்டு விலைக்கு எவரேனும் வாங்கினாலோ, வீட்டுக்காரர் உடனில்லாதபோது அவரிடம் விற்றாலோ, அந்த விற்பனை அவ்வூரில் செல்லாது.

‘நஸீல்’ என்ற சொல்லை அகராதியில் தேடினால், வந்து தங்கியவர், விருந்தினர் என்றே பொருள் கிடைக்கும். இளைஞர் தட்டை நீட்டி ‘என் நஸீல்’ என்று சொல்லும்போது அப்பொருள் பொருந்துகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, வணிகர் ‘தம் நஸீலின் வீட்டில்’ இறங்குவார் என்று இப்னு பதூதா எழுதுகிறார். இங்கே நஸீல் என்பது விருந்தளிப்பவர்! அதற்கடுத்து, ‘நஸீல் உடனில்லாத’ விற்பனை செல்லாது என்ற இடத்திலும் அது விருந்தளிப்பவரையே குறிக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் முன்னதை ‘விருந்தினர்’ என்றும் பின்னதை ‘வீட்டுக்காரர்’ என்றும் பிரித்துத் தந்துவிடுகின்றனர். வாசகருக்கு அது வசதிதான். ஆனால் மூலத்தின் நுட்பம் அங்கே நழுவிவிடுகிறது. இருவருக்கும் ஒரே பெயர் என்பதுதான் செய்தி.

அரபியில் இது புதுமையன்று. ‘ஜார்’ என்னும் சொல் அடைக்கலம் தந்தவரையும் குறிக்கும், அடைக்கலம் பெற்றவரையும் குறிக்கும். ‘மௌலா’ என்பது விடுதலை அளித்த எசமானரையும் விடுதலை பெற்றவரையும் ஒருங்கே குறிக்கும். ஒருவரின்றி மற்றவர் இல்லை என்னும்படி இறுகிய உறவுகளில் மொழி இவ்வாறு ஒரே பெயரை இருவர் மீதும் போர்த்திவிடுகிறது.

இங்கு ஃபிக்ஹு பயின்றவருக்கு ஒரு தடை எழும். சரக்கோடு வருவோரைச் சந்தைக்கு வருமுன்னரே வழியில் சென்று மடக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் அன்றோ? ‘தலக்கிர் ருக்பான்’ என்று நூல்களில் வருவது அதுதானே? படகேறிச் சென்று வணிகரைப் பிடிப்பது அதே செயல் ஆகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் தடையின் காரணத்தை நோக்க வேண்டும். சந்தை விலை அறியாதவரை ஏமாற்றி மலிவாக வாங்கிவிடுவதே அங்கே அஞ்சப்படும் தீங்கு. ஆகவேதான் அவ்வாறு ஏமாந்தவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையை ஷாஃபிஈ மத்ஹபு அவருக்கு வழங்குகிறது. மக்தஷவின் வழக்கமோ அத்தீங்கை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. குறைத்து வாங்கிய விலைக்கு இப்னு பதூதா பயன்படுத்தும் சொல் ‘பக்ஸ்’. யூசுஃப் (அலை) அவர்களை அற்ப விலைக்கு விற்ற இடத்தில் திருமறை ஆளும் சொல் அது. மூலத்தைப் படிக்கும் ஆலிமின் காதில் அந்த எதிரொலி கேட்காமல் போகாது. அயலூரில் ஆதரவற்று நின்ற ஒருவர் அற்ப விலைக்கு ஏமாறக்கூடாது என்பதே அவ்வழக்கத்தின் கருத்து.

இவ்வழக்கத்தால் ஊராருக்கு ஆதாயமும் உண்டு என்று இப்னு பதூதா ஒளிக்காமல் எழுதுகிறார். இந்த நேர்மையை நாம் பாராட்ட வேண்டும். விருந்தோம்பலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதைத் தூய அன்பாக்கிப் பீடத்தில் ஏற்றுவர். அல்லது வணிகத் தந்திரமென்று கீழே தள்ளுவர். அவர் இரண்டையும் செய்யவில்லை. ஆதாயம் இருக்கலாம், ஆனால் ஆதாயம் பெறுபவர் வந்தவரின் இழப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். மூடிய தட்டுக்குள் இருந்தது வெறும் உணவன்று, ஓர் உடன்படிக்கை.

வெற்றிலைத் தட்டு

தம்மை நோக்கித் தட்டோடு வந்த இளைஞரிடம், இவர் வணிகரல்லர், மார்க்கச் சட்டம் கற்றவர் என்று உடன் வந்தோர் தெரிவித்ததும், இப்னு பதூதா காழியிடம் அழைத்துச் செல்லப்பட்டார். அறிஞர் எவர் வந்தாலும் ஆட்சியாளரைக் கண்ட பின்னரே தங்குமிடம் செல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆட்சியாளரை அங்கே ‘ஷைகு’ என்றே அழைத்தனர். அவர் பெயர் அபூபக்ரு இப்னு ஷைகு உமர்.

ஷைகின் மாளிகையிலிருந்து வந்த முதல் உபசாரம் நம்மவரை வியக்க வைக்கும். அது வெற்றிலையும் பாக்கும் நிறைந்த தட்டு! வந்தவருக்குப் பத்து வெற்றிலையும் சிறிது பாக்கும். காழிக்கும் அதே அளவு. எஞ்சியவை தோழர்களுக்கும் மாணவர்களுக்கும். பின்னர்த் திமிஷ்கின் பன்னீர் தெளிக்கப்பட்டது. வெற்றிலைக்கு இப்னு பதூதா எழுதும் சொல் ‘தன்பூல்’. நம் ‘தாம்பூலம்’ அதில் ஒலிப்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இந்தியப் பெருங்கடலின் இருகரையிலும் ஒரே இலை மரியாதையின் மொழியாக இருந்த காலம் அது. பின்னாளில் மஅபர் நாட்டுக்கு, அஃதாவது நம் மதுரைப் பகுதிக்கு, வந்த பயணியும் இதே இப்னு பதூதாதான்.

மாணவர் விடுதியில் அவர் தங்கவைக்கப்பட்டார். பெரிய மரத்தட்டில் நெய்ச்சோறு, அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி, பாலில் வேகவைத்த வாழைக்காய், தயிர், எலுமிச்சை, மிளகு ஊறுகாய்கள், பச்சை இஞ்சி, மாங்காய். இவ்வாறு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் மூன்று வேளை. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று புத்தாடைகள் வந்தன. இடுப்பில் கட்டப் பட்டு வேட்டி, எகிப்தின் துணியில் தைத்த மேலங்கி, தலைப்பாகை முதலியன.

விருந்து மூன்று நாள். அதற்கு மேற்பட்டது தருமம். விருந்தளிப்பவரை இடரில் தள்ளும்வரை தங்குவது விருந்தினருக்கு ஆகுமானதன்று. இந்நபிமொழிக் கருத்து நம் இல்லங்களில் அனைவரும் அறிந்ததே. மக்தஷவின் மூன்று நாளும் நான்காம் நாளும் இவ்வளவு துல்லியமாக அதனோடு பொருந்தி வருவதை இப்னு பதூதா சுட்டிக்காட்டவில்லை. அவருக்கும் அவர் காலத்து வாசகருக்கும் அது சொல்லாமலே விளங்கியிருக்கும். சொல்லாமல் விட்டதையும் படிப்பது திறனாய்வாளரின் வேலை.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் ஷைகு அவரை வரவேற்ற முறையும் கருதத்தக்கது. முதலில் காழியிடம் தம் தாய்மொழியில் பேசிவிட்டு, பிறகு விருந்தினரின் மொழியாகிய அரபிக்கு மாறி, அவர் வரவு நல்வரவென்றும், நாட்டுக்குப் பெருமையென்றும், தங்களுக்கு ஆறுதலென்றும் கூறினார். விருந்தினரின் அழகையோ கல்வியையோ அவர் புகழவில்லை; வரவைத்தான் புகழ்ந்தார். வெளியே வந்ததும் தாம் காலணி அணிந்து, காழியையும் விருந்தினரையும் அணியச் சொன்னார். ஏனையோர் அனைவரும் வெறுங்காலுடன் நடந்தனர். சொல்லில் சுருக்கம், செயலில் பெருக்கம் என்பது இதுதான்.

இத்தனை உபசாரத்தைப் பெற்ற விருந்தாளி என்ன எழுதினார்? இவ்வூரார் ஒருவர் நம்மவர் பலர் உண்பதை உண்கிறார். மிகப் பருத்த உடலினர் என்று எழுதிவைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 1355இல், ஃபாஸ் நகரில் அமர்ந்து இப்னு ஜுஸைய் என்பாருக்குச் சொல்லி எழுதுவித்தபோதும் இவ்வரி நீக்கப்படவில்லை. உண்ட வீட்டாரின் உணவளவையும் உடற்பருமனையும் கணக்கெடுப்பது எந்த ஊரிலும் அழகன்று. சோமாலியரிடையே அது அழகின்மைக்கும் மேலானது. அதனைப் பின்னர்க் காண்போம். இன்னொரு குறையும் உண்டு. அந்நெய்ச்சோற்றைச் சமைத்தவர் யார்? அடுப்படியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உள்நாட்டில் ஒட்டகம் மேய்த்து வாழ்ந்தோரின் விருந்து முறையும் அவர் கண்ணில் படவில்லை. அவர் கண்டது துறைமுகத்தையும் அரண்மனையையும் மட்டுமே.

வேடமிட்ட விருந்தாளி

உள்நாட்டு வழக்கத்தை எழுதியவர்களுள் பெயர்பெற்றவர் ரிச்சர்ட் பர்ட்டன். மாறுவேடத்தில் ஹஜ்ஜு சென்று வந்த அதே ஆங்கிலேயர். 1854ஆம் ஆண்டு இறுதியில் முஸ்லிம் வணிகர் வேடத்தில் ஸைலாவில் இறங்கி, அங்குள்ள ஆளுநர் ஹாஜி ஷர்மார்க்கேயின் விருந்தினராகச் சில வாரங்கள் தங்கி, பின்னர் ஹரார் நகருக்குப் பயணமானார். அவருடைய பயண நூல் 1856இல் வெளிவந்தது. இப்னு பதூதா தங்க மறுத்த ஊரில் இவர் தங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரபி அறிந்தவர், சோமாலியரின் கவிதைப் பற்றை மனமார மெச்சியவர். அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று.

‘அப்பான்’ என்னும் சோமாலிய வழக்கத்தை அவர் விரிவாக எழுதுகிறார். உள்நாட்டில் பயணம் செய்யும் அயலார் அவ்வப் பகுதியின் குலத்தவர் ஒருவரைத் தமக்கு அப்பானாகக் கொள்ள வேண்டும். அவரே காவலர், தரகர், மொழிபெயர்ப்பாளர், வழக்குத் தீர்ப்பவர். அயலாருக்காகத் தம் சொந்த மக்களோடும் அவர் போரிட வேண்டும். அவர் கொல்லப்பட்டால் அவர் குலமே பொறுப்பேற்று இழப்பை ஈடுசெய்ய வேண்டும். விற்பனையில் அவருக்குப் பங்கு உண்டு. ‘அப்பான்’ என்ற சொல் காப்பவரை மட்டுமன்றிக் காக்கப்படுபவரையும் குறிக்கும் என்று பர்ட்டனே எழுதுகிறார்!

ஐந்து நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பயணிகள்; ஒருவர் துறைமுகத்தில், ஒருவர் பாலைவழியில்; ஒருவர் அரபிச் சொல்லால், ஒருவர் சோமாலியச் சொல்லால். இருவரும் ஒரே உண்மையை எழுதிவைத்திருக்கின்றனர். கொடுப்பவருக்கும் கொள்பவருக்கும் அந்நாட்டில் ஒரே பெயர்.

ஆனால் பர்ட்டன் இதிலிருந்து அடையும் முடிவு வேறு. அப்பான் முறை என்பது சுங்க வரியின் ஆதி வடிவம் என்று அவர் கணித்தார். வரியின் கூறு அதில் இல்லாமலில்லை. ஆனால் வரி வாங்கும் சுங்கச்சாவடி எவருக்காகவும் உயிரைக் கொடுப்பதில்லை. தம் நூலிலேயே எழுதிய பாதியை அவர் தம் முடிவில் மறந்துவிட்டார். ஏன் மறந்தார்? பொய்ப் பெயரில் உண்டவர் அந்த உறவின் மறுபாதியை ஏற்கவியலாது என்பதே எமக்குத் தோன்றும் விடை. ஹராரை அடைந்தபோது அவர் தம்மை ஆங்கிலேயர் என்றே அறிவித்துக்கொண்டார். ஆயினும் ஸைலாவில் உண்ட சோறு வேடத்தில் உண்டதே. சாய்ந்து நின்றும் தன்வீனை உதிர்க்காத பெயர் அவர். 1855 ஏப்ரலில் பெர்பெராவில் அவர் கூடாரம் தாக்கப்பட்டு, தோழர் ஒருவர் மாண்டு, அவர் கன்னத்தை ஈட்டி துளைத்தது. அதற்குக் காரணங்கள் பல; அதைக் கொண்டு அந்நாட்டு விருந்தறத்தை எடைபோடுவதும் தவறு, பர்ட்டனை எள்ளுவதும் தவறு.

கேட்டுக் கொடுப்பதும் கேளாமல் கொடுப்பதும்

நூலறிவு இவ்வளவு இருந்தும் நாம் தடுக்கி விழுந்த கதையைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் சோமாலியக் குடும்பம் ஒன்று முதியவர் ஒருவரின் மருத்துவத்துக்காக எம் நகருக்கு வந்திருந்தது. ஜும்ஆவுக்குப் பின் அரபியில் பேசிப் பழகி, அவர்களை இல்லத்துக்கு அழைத்தோம். வந்து அமர்ந்ததும், ‘தேநீர் அருந்துகிறீர்களா?’ என்று கேட்டோம். ‘வேண்டாம், உங்களுக்குச் சிரமம்’ என்றார் முதியவர். நாமும் அதை உண்மையென்று கொண்டு பேச்சைத் தொடர்ந்தோம். அரை மணி நேரம் கழிந்தது. உள்ளிருந்து எம் இல்லத்தார் எவரையும் கேளாமலே தட்டை அனுப்பிவைத்தார். அனைவரும் இரண்டாம் கோப்பையும் அருந்தினர். கற்றவர் கேட்டு நின்றார். கல்லாதவர் எனப்பட்டவர் கேளாமல் கொடுத்தார்!

வந்தவரிடம் கேட்பது என்பது அவர் மீது சுமையை ஏற்றுவது. ‘ஆம்’ என்றால் ஆசைக்காரர் ஆவார். ‘இல்லை’ என்றால் பசியோடு போவார். ஆகவே நாணமுள்ளவர் முதலில் மறுக்கவே செய்வார். சோமாலிய வீட்டில் இந்த இக்கட்டை வந்தவருக்கு வைப்பதில்லை. அவர்களுடைய விடுதி அறைக்கு நாம் சென்றபோது அதை நேரில் கண்டோம். ஓர் அடுப்பு, இரண்டு பாய்கள், அவ்வளவே. ஆனால் நாம் அமர்ந்ததும் ஏலமும் பட்டையும் கிராம்பும் மணக்கும் தேநீர் வந்தது. பிறகு சோறும் வாழைப்பழமும் ஒரே பெருந்தட்டில் வந்தன. உண்டுவிட்டே வந்திருந்த நாம் கையசைத்து மறுத்தோம். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எம் பக்கம் நகர்த்தி, ‘ஸோ தொவோவ்’ என்றார். அதன் பொருளைக் கேட்டோம். நல்வரவு என்று பொருள். ஆனால் சொல்லுக்குச் சொல், ‘அருகில் வாருங்கள்’ என்றார்.

அப்போதுதான் அத்தாரியாத் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம்மிடம் வந்த அறிமுகமற்ற விருந்தினரிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. சந்தடியின்றி வீட்டாரிடம் நழுவிச் சென்றார்கள். கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். விருந்தினரை எழுந்து வரச்சொல்லாமல் உணவையே அவர்களுக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார்கள். தஃப்ஸீர் ஆசிரியர்கள் விருந்தின் ஒழுக்கமனைத்தும் இவ்விடத்தில் அடங்கியுள்ளன என்பர். ‘கர்ரப’ என்று திருமறை சொல்லும் வினை, அருகில் வைத்தார் என்பது. சோமாலிய முதியவரின் சொல்லும் அருகாமையைப் பற்றியதே. ஹூது அத்தியாயத்தில் இதன் மறுபக்கமும் உண்டு. விருந்தினரின் கைகள் உணவின்பால் நீளவில்லை என்று கண்டதும் இப்ராஹீம் (அலை) அவர்கள் உள்ளத்தில் அச்சம் கொண்டார்கள். உண்ண மறுத்த கை நட்பை மறுத்த கை ஆகலாம் அன்றோ? எம் கையசைப்பு அந்த முதியவருக்கு என்னவாகப் பட்டிருக்கும் என்று எண்ணி நாணினோம். சில கவளம் உண்டோம். விருந்தினர் இழக்க வேண்டியது எது என்ற வினாவுக்கு அங்கே விடை கிடைத்தது. ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் தன்னிறைவைத்தான் அவர் உதிர்க்க வேண்டும்.

கொடுக்கும் சொல்லும் பறிக்கும் சொல்லும்

இன்னொரு தவற்றையும் அந்த முதல் சந்திப்பிலேயே செய்திருந்தோம். அக்குடும்பத்தின் மருமகள் கையில் ஒரு குழந்தை இருந்தது. ‘எவ்வளவு கொழுகொழுவென்று அழகாயிருக்கிறது!’ என்று மகிழ்ச்சியோடு கூறினோம். தாயின் முகம் வாடியது. முந்தானையைக் குழந்தையின் மேல் இழுத்துவிட்டார். முதியவர் மெல்லிய குரலில், எமக்காகத் தாமே, ‘மாஷா அல்லாஹ், தபாரகல்லாஹ்’ என்று சொல்லி முடித்தார்.

சோமாலியத் தாய்மார், குழந்தை பருத்திருக்கிறது, அழகாயிருக்கிறது என்ற வெற்றுப் புகழ்ச்சியை அஞ்சுவர். கண்ணேறு பட்டுவிடும் என்பது அவர்களின் கவலை. நலமாயிருக்கிறது என்று சொன்னால் மனம் நோகாது. அல்லாஹ்வின் பெயரோடு சேர்த்துச் சொன்னால் முகம் மலரும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எமக்குத் தகுதியில்லை. ஆமிர் இப்னு ரபீஆ (ரலி) அவர்கள் ஸஹ்லு இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களின் மேனியை வியந்து பேச, அவர் அங்கேயே நோயுற்று வீழ்ந்ததையும், பரக்கத் வேண்டித் துஆச் செய்திருக்கலாகாதா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதையும் முவத்தாவிலிருந்து பாடம் நடத்தியவர் நாம். பாடம் நாவுக்கு வந்துசேரவில்லை!

புகழ்ச்சியின் இயல்பை எண்ணிப் பார்த்தால் இவ்வச்சத்தின் நியாயம் விளங்கும். ஒன்றை வியந்து சொல்பவர் தம்மை அறியாமல் அதன்மேல் கை வைக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஒரு பெண்மணி கைப்பட நெய்து தந்த போர்வையை ஒருவர் அழகாயிருக்கிறதென்று சொல்லித் தமக்குக் கேட்டார். தேவையிருந்தும் அண்ணலார் அதனைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே கேட்டாயே எனத் தோழர்கள் அவரை நொந்துகொண்டனர். கொடையை அறமாகக் கொண்டவரின் முன்னே அவர் பொருளைப் புகழ்வது கேட்பதற்குச் சமம். கொடை மிகுந்த சமுதாயத்தில் புகழ்ச்சி சுருங்கியிருப்பது இதனால்தான். புகழ்ச்சியை உரியவனாகிய அல்லாஹ்விடம் திருப்பிவிட்டால், புகழ்ந்த பொருள் உடையவரிடமே பத்திரமாக இருக்கும். மக்தஷவின் ஷைகு ஆளை விட்டு வரவைப் புகழ்ந்ததன் நுட்பமும், ஊராரின் உடற்பருமனை எழுதிவைத்த இப்னு பதூதாவின் பிழையும் இப்போது ஒருசேர விளங்குகின்றன.

நிறைவாக

இவ்வாறெல்லாம் கூறுவதால் சோமாலிய நாட்டைச் சுவர்க்கமாக்கிக் காட்டுவதாக எவரும் எண்ண வேண்டா. 1991இல் அங்கே அரசு குலைந்தது. குலங்களிடையே போர் மூண்டது. காப்பவர் என்ற பெயரிலேயே வழிமறித்துப் பறித்தவர்களும் உண்டு. 2011இல் பஞ்சம் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. எந்த நல்வழக்கமும் கெடக்கூடியதே. ஆனால் 2015இல் யமனில் போர் வெடித்தபோது, அந்நாட்டு மக்கள் படகேறி வந்து இறங்கிய கரைகளுள் பெர்பெராவும் பொஸாஸோவும் இருந்தன. அதற்கு முன் இருபதாண்டுகளாகச் சோமாலியரே அகதிகளாக யமனுக்குச் சென்றுகொண்டிருந்தனர். நேற்றைய விருந்தினர் இன்றைய வீட்டுக்காரரானார். நஸீல் என்ற சொல்லின் இரு பொருளும் அக்கடலில் படகுகளாக எதிரெதிரே சென்று வந்தன.

ஆகவே இப்பக்கங்களைப் படிக்கும் நம் வீட்டார்க்கு இரண்டொரு சொல் கூறி நிறுத்துகிறோம். வந்தவரைக் கேட்டு நில்லாதீர்கள். அருகில் கொண்டுபோய் வையுங்கள். வைத்ததை மறுக்காதீர்கள், ஒரு கவளமேனும் ஏற்பது உண்பவரின் கடமை. பிறர் குழந்தையைக் கண்டு மகிழ்ந்தால் அல்லாஹ்வின் பெயரை முந்தவிட்டுப் பின் மகிழுங்கள். இவை சோமாலியரிடமிருந்து நாம் புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல. நம் கிதாபுகளில் உள்ளவையே. கிதாபில் உள்ளதை அவர்கள் தட்டில் வைத்திருக்கிறார்கள். நாம் இன்னும் கிதாபிலேயே வைத்திருக்கிறோம்.